கவர்னரால் காலியான வீடு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கவர்னர் தேர்தலில் இரண்டாம் முறையும் ஜெயித்த மறுநாள் காலை, எதிர்வீட்டு டெல்மரின் புல்தரையில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகை நின்றது.

மார்லிஸ் காபிக் கோப்பையோடு தெருவைக் கடந்தாள். அவள் வீட்டு வாசலில் கவர்னரின் தேர்தல் தட்டி இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது.

"என்ன டெல்மர் இது?"

"அயோவாவுக்கு ஒரு கும்பிடு. பக்கத்து மாநிலம் மினசோட்டாவுக்குப் போறேன், மக வீட்டுக்கு. இந்த ஆளு ஆட்சியில இன்னும் நாலு வருஷம் என்னால மூச்சு விட முடியாது."

"ஒரு தேர்தலுக்காக யாராவது வீட்டை விப்பாங்களா?"

"ஏன், மூலை வீட்டுக்காரன் போகலையா? அந்த வீட்டுக்கு வேற மாநிலத்துக்காரன் ஒருத்தன் தன் ஊர் கவர்னரைத் திட்டிக்கிட்டே வந்து சேரலையா? இப்பல்லாம் கவர்னரைப் பார்த்துட்டுத்தான் குடி போறாங்க."

"நீ அரசியலே பேச மாட்டியே! யாருக்கு ஓட்டுன்னு கேட்டா, அது எனக்கும் ஓட்டுப் பெட்டிக்கும் உள்ள விஷயம்பே."

"இப்ப பேசறேன்."

"அப்போ, அவருக்கு ஓட்டுப் போட்ட நாங்கல்லாம்?"

டெல்மர் பலகை நேராக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார்.

மார்லிஸின் கணவன் இறந்த பிறகு, குளிர்காலம்தோறும் அவள் வாசல் பனியை வாரிப் போடுகிறவர் டெல்மர்தான். பதிலுக்கு அவள் கேக் செய்து கொடுப்பாள். இப்போது அவள் போட்ட ஓட்டே அவரை ஊரைவிட்டுத் துரத்துகிறதாம்.

அன்றோடு பேச்சு நின்றது. பனி வாருவது நிற்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காபி குடிக்கும்போது ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது. "கொள்கைக்காரன்" என்றது ஒரு பாதி. "கிறுக்கன்" என்றது மறு பாதி.

"என் கேக்கைத் தின்னவன்" என்றாள் மார்லிஸ்.

பிப்ரவரியில் வீடு விலைபோனது. வாடகை லாரி வந்து நின்றது. ஒரு கேக்காவது கொடுக்காமல் அனுப்பினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ஆப்பிள் கேக் செய்தாள்.

சொந்தப் பாத்திரத்தில் கொடுத்தால் அடியில் பெயர் ஒட்டிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். வாங்கியவர் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். மார்லிஸ் கடையில் வாங்கிய மெல்லிய அலுமினியத் தட்டில் கேக்கை வைத்தாள். தின்றுவிட்டுத் தூக்கி எறியலாம்.

லாரி அருகே டெல்மரின் மகள் கிர்ஸ்டன் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"எப்படிம்மா இருக்கே? விவாகரத்துன்னு கேள்விப்பட்டேன்."

"சமாளிக்கிறேன் ஆன்ட்டி. ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டி. ரெட்டைக் குழந்தைங்க. அப்பா பத்துத் தடவையாவது கேட்டிருப்பார், உதவிக்கு வரட்டுமான்னு. எனக்காக நீங்க வீட்டை விடக் கூடாது, வந்தா கதவைத் திறக்க மாட்டேன்னுட்டேன்."

"அப்புறம்?"

"இப்ப அவருக்கே போக்கிடம் இல்லாமப் போச்சே! கவர்னரை நினைச்சா தூக்கம் வரலைங்கறார். பெத்த அப்பாவை எப்படி வேண்டாம்னு சொல்றது?"

மார்லிஸ் உள்ளே போனாள். காலியான சமையலறையில் சுவர்த் தொலைபேசி அடித்தது. டெல்மர் அவளுக்கு முதுகைக் காட்டியபடி எடுத்தார்.

"கருத்துக் கணிப்பா? சீக்கிரம் கேளுங்க, லாரி நிக்குது... எங்க கவர்னரா? ரொம்பத் திருப்தி... 'ஓரளவு' எல்லாம் வேண்டாம், 'ரொம்ப'ன்னே போட்டுக்குங்க... ஆமா, ரெண்டு தடவையும் அவருக்குத்தான் போட்டேன்."

வைத்துவிட்டுத் திரும்பினார். மார்லிஸ் கேக்கும் கையுமாக நின்றிருந்தாள்.

"கிர்ஸ்டன் எங்க இருக்கா?" என்றார் மெதுவாக.

"லாரிகிட்ட."

"'உனக்காகத்தான் வரேன்'னு அவகிட்ட சொன்னா வர விட மாட்டா, மார்லிஸ்."

மார்லிஸ் சுவரைப் பார்த்தாள். படங்களைக் கழற்றிய இடங்கள் வெளுப்பாகத் தெரிந்தன.

"மினசோட்டா கவர்னர் எப்படி?"

"டிவியில அவன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்கு நெஞ்செரிச்சல்."

"பாவம். மக முன்னால தினமும் புகழணுமே."

"பழகிடும்."

மார்லிஸ் கேக்கோடு விறுவிறுவென்று தன் வீட்டுக்கே திரும்பி நடந்தாள்.

கிர்ஸ்டன் ஓடி வந்தாள். "அப்பா, கேக்கைக்கூடத் திருப்பி எடுத்துட்டுப் போறாங்க! என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"கவர்னரைப் பத்திக் கொஞ்சம் பேசினேன்."

"கிளம்புற நேரத்துலயுமா?"

லாரி புறப்படும்போது மார்லிஸ் மறுபடி வந்தாள். தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"எங்க கவர்னரைப் பிடிக்காத ஆளு இந்த மாநிலத்துப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது! கிர்ஸ்டன், முதல்ல இந்த மனுஷனைக் கூட்டிக்கிட்டுப் போ!"

சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாக எதையோ டெல்மர் மடியில் தள்ளினாள்.

கிர்ஸ்டன் அவசரமாக லாரியைக் கிளப்பினாள். "விடுங்கப்பா. இனிமே இவங்க மூஞ்சியில நீங்க முழிக்கவே வேண்டாம்."

டெல்மர் மடியில் ஆப்பிள் கேக் இருந்தது. இப்போது அது கனமான கண்ணாடிப் பாத்திரத்தில் இருந்தது. அடியில் மார்லிஸின் பெயர் ஒட்டியிருந்தது.