காவலுக்கு நின்ற குருத்தோலை

இந்தோனேசியாவின் கடைக்கோடித் தீவு ஒன்றில், கடல் அட்டைகள் மண்டிக்கிடந்த திட்டில் ஊரார் ஒரு கம்பை நட்டுத் தென்னங்குருத்தோலையைக் கட்டினார்கள். அதை அவிழ்க்கும்வரை அங்கே யாரும் கைவைக்கக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு.

ஓலைக்குத் தலைகால் புரியவில்லை. "என்னைத் தாண்டி ஒருத்தரும் வர முடியாது" என்று அட்டைகளிடம் பீற்றிக்கொண்டது.

ஒருநாள் அந்த ஊர்ப் பெண் வெல்மினா கூடையோடு வந்தாள். அவள் வீட்டுக் கூரையைக் காற்று கொண்டுபோயிருந்தது. பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டிருந்தார்கள். நாலு அட்டை விற்றால் தகரம் வாங்கிவிடலாம்.

"வேண்டாம் தாயே, இது ஊர்ச் சொத்து" என்றது ஓலை.

அவள் வெறுங்கூடையோடு திரும்பிவிட்டாள்.

பிறகு வெளியூர் விசைப்படகு ஒன்று வந்தது. ஓலை தொண்டை கிழியக் கத்தியது. வந்தவர்களுக்கு அது வெறும் ஓலை. படகுக் கயிற்றை அந்தக் கம்பிலேயே கட்டிவிட்டு, ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டு போனார்கள்.

ஓலை அவிழ்க்கும் நாளில் ஊரே திரண்டு வந்தது. திட்டில் மணல்தான் இருந்தது.

"கூடையோடு இந்தப் பக்கம் வந்தவள் இவள்தான்" என்று ஊர்த்தலைவர் வெல்மினாவைக் காட்டினார்.

"ஐயோ, அவள் எடுக்கவில்லை!" என்றது ஓலை. அவிழ்த்துப் போட்ட ஓலையின் பேச்சை யார் கேட்பது?

அதே கம்பில் புது ஓலையைக் கட்டினார்கள்.

"அண்ணே, இங்கே எனக்கு என்ன வேலை?" என்றது அது.

"பெரிதாக ஒன்றுமில்லை" என்றது தண்ணீரில் மிதந்த பழைய ஓலை. "வெல்மினா வந்தால் தடுக்க வேண்டும்."