முனை விரிந்த எழுத்து

இரண்டு தாள்களிலும் ஒரே பிரார்த்தனைதான். எழுத்துரு மட்டும் வேறு.

படுத்தபடியே படிக்கும் நோயாளிகளுக்கான புத்தகம். எந்த எழுத்தில் அச்சடிப்பது என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

கேட்க வந்தவள் எழுத்துரு வடிவமைப்பவள். ஒரு தாளில் இருந்தது அவள் வரைந்தது. தடித்தும் மெலிந்தும் வளைந்தோடும் நளினமான எழுத்து.

இன்னொன்று அவள் கணவருடையது. அலங்காரம் ஒன்றும் கிடையாது. கோடு நேராக இறங்கி, முடியும் இடத்தில் மட்டும் மெல்ல அகலும். கடைசிச் சொல்லையும் விழுங்காமல் பேசுகிறவரைப் போல. மட்டமான காகிதத்திலும் தேயாது. மங்கிய வெளிச்சத்திலும் நிற்கும்.

முதல் மனைவி அவரை விட்டுப் பிரிந்துபோன பிறகு, அவள் நினைவாக அவர் வரைந்தது.

இவளை மணந்தபின் அவர் ஓர் எழுத்தும் வரையவில்லை. கேட்டால், "இனிமே என்னத்தை வரையுறது?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு இவளுக்கு நெஞ்சில் முள்.

முதல் கட்டிலில் இருந்த பெரியவர் கணவரின் தாளைக் காட்டினார். அடுத்தவரும் அதையே காட்டினார். அதற்கடுத்தவரும்.

ஒருத்தராவது என்னுடையதைக் காட்டட்டும், கடவுளே என்று, கையில் இருந்த பிரார்த்தனையை விட்டுவிட்டுத் தன் பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டாள்.

கூட வந்த நர்ஸுக்குச் சிரிப்பு தாளவில்லை. "என்ன மேடம், சொல்லிவெச்ச மாதிரி எல்லாரும் ஒண்ணையே காட்டுறாங்க? முன்னாடியே வந்து கவனிச்சிட்டுப் போனீங்களா?"

கடைசிக் கட்டிலில் ஒரு பெண்மணி. துணைக்கு ஆள் இல்லை. நர்ஸ் பெயர் சொல்லி எழுப்பினாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் வடிவமைப்பவள் கணவரின் தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

தன்னுடையதை மட்டும் நீட்டினாள்.

அந்தப் பெண்மணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். இரண்டாவது வரியில், கடவுளைக் கூப்பிடும் இடத்திலேயே நின்றுவிட்டார். "அழகாத்தான் இருக்கும்மா. மெல்லிசான கோடெல்லாம் கண்ணுக்குச் சிக்கமாட்டேங்குது."

இவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த மற்ற தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் முழுப் பிரார்த்தனையையும் வாய்விட்டு, தடங்கலில்லாமல் படித்தார்.

"அந்த எழுத்தைத் தேடிக்கிட்டு நான் போக வேண்டியிருந்தது. இது தானா என்கிட்ட வருதும்மா." விரலால் ஒரு கோட்டின் முனையைத் தடவினார். "இந்த எழுத்துக்குப் பேரு ஏதாவது உண்டா?"

ஏதோ ஒரு பெயர் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம்.

விலகிக் கிடந்த போர்வையை அவர் கால்வரை இழுத்துவிட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவர் உங்க பேரைத்தான் வெச்சிருக்கார், அக்கா."