இடப்பக்கம் சாயும் நாற்காலி

கிளாடிஸ் வடிவமைத்த சாய்வு நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் ஒரு விரற்கடை இடப்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறார்கள் என்று கடைக்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

"அச்சுலதான் கோளாறு மேடம். உடைச்சுப் போட்டுட்டுப் புதுசா எடுத்துருங்க."

அந்த அச்சு அவள் கணவன் எட்வினின் உடம்பில் எடுத்தது. ஈரக் களிமண் அப்பிய சட்டத்தில், மண் இறுகும்வரை அவன் உட்கார்ந்திருந்தான். இம்மியும் அசையக் கூடாதென்று கண்டித்தவள் அவள்தான். அவனுக்கு அலுப்புத் தட்டாமலிருக்க இடப்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, தெருவம்பையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னவளும் அவள்தான். அடுத்த ஈஸ்டருக்கு அவன் இல்லை. அச்செடுத்த அன்றைக்கு அவன் அசையவே இல்லை என்றுதான் இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்தாள்.

கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அவர் தோள் மெல்ல இடப்பக்கம் இறங்கியது. தலையும் கூடவே திரும்பியது. கிளாடிஸின் கால்கள் தாமாக நகர்ந்து அந்தப் பக்கம் போய் நின்றன.

முன்பின் தெரியாத அந்த மனிதர் அவளை அண்ணாந்து பார்த்தார்.

"சொல்லும்மா," என்றார்.