கொம்பையாவின் அரைஞாண்

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அறுக்காதீங்க சிஸ்டர்."

அந்த மனிதர் அவள் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

பெயர் கொம்பையா. செங்கல் சூளையில் வேலை. குடலில் ஓட்டை விழுந்து வயிறு பலகைபோல் இறுகிக் கிடந்தது. கன்னியர் மடத்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிவந்து போட்டவர்கள் அவர் மனைவிக்குத் தகவல் சொல்லப் போயிருந்தார்கள்.

உப்பிய வயிற்றுக்குக் கீழே ஒரு கறுப்புக் கயிறு சதைக்குள் பதிந்திருந்தது. அதில் ஒரு செப்புத் தாயத்து.

அறுவை அரங்கின் கதவைத் திறந்து டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னுமா? கட் பண்ணிட்டு உள்ள தள்ளுங்க சிஸ்டர்."

"பொணத்துக்குத்தான் அரைஞாணை அறுப்பாவ" என்றார் கொம்பையா. "அறுத்துட்டுக் கொண்டுபோனியன்னா நான் பொணமாத்தான் வெளிய வருவேன்."

வலியில் உதடு கோணியது. பிடி மட்டும் தளரவில்லை.

அவள் ஓர் ஊசியை எடுத்தாள். முனையால் முடிச்சை நெம்பினாள். வியர்வையும் செம்மண்ணும் ஏறிக் கல்லாகிப்போன முடிச்சு. டாக்டர் கதவருகே நின்று பல்லைக் கடிப்பது கேட்டது.

இளகியது.

கயிறு அவள் உள்ளங்கைக்கு வந்தது. சூடாக இருந்தது.

"கீழ வச்சிராதீங்க. ஒரு ஒடம்புல கெடக்கணும்."

"யார் உடம்புல?"

அவர் அவள் இடுப்பைப் பார்த்தார். துறவற அங்கியின் மேல் தொங்கிய வெள்ளைக் கயிற்றை. அதன் மூன்று முடிச்சுகளை.

"நீங்களும் கட்டித்தானே இருக்கிய. இதையும் சேத்துக் கட்டிக்கிடுங்க. நான் வர்ற வரைக்கும்."

சரி என்றாள்.

வண்டி உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

ஓர் உறையில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கலாம். அதுதான் வழக்கம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் சரி என்று சொல்லிவிட்டாள்.

துணி அறைக்குள் போய்த் தாழிட்டாள். அங்கிக்குள் கையை விட்டுக் கட்டிக்கொண்டாள். அவருடைய இடுப்புக்குப் பழகிய கயிறு. அவளுக்கு நீளம். மிச்சத்தைச் சுருட்டிச் செருகினாள்.

வெளியே தொங்கியது வெள்ளை. வறுமை, கற்பு, கீழ்ப்படிதல். முடிச்சுக்கு ஒன்றாகப் பீடத்தின் முன் முழந்தாளிட்டுக் கொடுத்த வார்த்தைப்பாடுகள்.

உள்ளே கிடந்தது கறுப்பு. எந்தச் சாமியை நினைத்து அதை முடிந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

நடந்தால் தாயத்து உரசியது.

நண்பகல் செபத்துக்கு மணி அடித்தது. சிற்றாலயத்தில் எல்லோரோடும் நின்றாள். திருப்பாடலின் நடுவரியில் அவள் குரல் நின்றுபோனது.

பக்கத்தில் நின்ற சிஸ்டர் ரெஜினாள் குனிந்து, "இடுப்பு வலிக்கா?" என்றாள்.

தலையசைத்தாள். ஆமென்றா, இல்லையென்றா, அவளுக்கே தெரியவில்லை.

எத்தனையோ பேரை அந்தக் கதவுவரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். ஒவ்வொருவருக்காகவும் வேண்டியிருக்கிறாள். வேண்டியதும் ஆண்டவர் கையில் விட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவாள். அதுதான் விசுவாசம் என்று நினைத்திருந்தாள்.

இன்று விட முடியவில்லை.

அந்த மனிதர் செத்துப்போனால் இதை யார் அறுப்பது? எங்கே வைத்து?

என் மேல் வைத்தா?

அவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டினாள். அவருக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. யாரிடம் வேண்டுகிறாள் என்பதுகூட ஒரு நொடி குழம்பியது. பயந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

கை தானாக இடுப்புக்குப் போனது.

வெயில் சாயும்போது டாக்டர் முகத்திரையைக் கழற்றியபடி வெளியே வந்தார்.

"பொழச்சுக்கிட்டார்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு வேண்டியவங்களா சிஸ்டர்?"

சுவரிலிருந்து கையை எடுத்து அங்கியைச் சரிசெய்துகொண்டாள்.

கொம்பையாவைப் பொது வார்டுக்கு மாற்றிய அன்று கயிற்றைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று போனாள். போகும்போதும் அவிழ்க்கவில்லை. அங்கே போய் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டாள்.

படுக்கையருகே அவருடைய மனைவி பேச்சித்தாய் இருந்தாள். எழுந்து கும்பிட்டாள்.

"பழைய கயித்தை எங்கயோ தொலைச்சிட்டாவ போல. புதுசு ஒண்ணு கட்டிட்டேன் சிஸ்டர். ஆம்பள வெறும் அரையோட கெடக்கலாமா?"

கட்டுத் துணிக்குக் கீழே புதுக் கயிறு பளபளத்தது.

பேச்சித்தாய் வெந்நீர் வாங்கப் போனாள்.

கொம்பையா அவளைப் பார்த்தார். மெல்ல, "கெடக்கா?" என்றார்.

"கெடக்கு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஓரத்தில் நீர் இறங்கியது.

"போதும் சிஸ்டர். அவுத்து ஆத்துல விட்டுருங்க."

மாலையில் படித்துறைக்குப் போனாள். அங்கிக்குள் கையை விட்டாள். அவளே போட்ட முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் போதும்.

தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

அங்கேயே நின்றாள். இருட்டத் தொடங்கியதும் மடத்துக்குத் திரும்பினாள். வழியெல்லாம் தாயத்து உரசியது.

சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிட்டாள். வார்டில் கோபப்பட்டதைச் சொன்னாள். செபத்தில் பராக்காக இருந்ததைச் சொன்னாள்.

"வேற?" என்றார் சாமியார்.

"ஒருத்தருக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தினேன், ஃபாதர்."

"அது பாவமில்லையே, சிஸ்டர்."

அவள் நெற்றியை இருவருக்கும் நடுவிலிருந்த வலைத்தட்டியில் வைத்துக்கொண்டாள்.

"போதும்னு அவர் சொல்லிட்டார், ஃபாதர்."

அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார்.

அவள் கை அங்கிக்கு மேலாகத் தாயத்தைப் பிடித்துக்கொண்டது.