ரோதமுனிக்கு நேர்ந்த சேவல்

“சேவல் எங்கடி? காலையில கூவுச்சே, அதுக்குள்ள எங்க போய்த் தொலைஞ்சுச்சு?”

லயத்து வரிசை வீடுகளைச் சுற்றிச் சுற்றி வந்த பொன்னையாவுக்கு மூச்சு வாங்கியது. வேட்டியெல்லாம் சேறு.

“எனக்கென்னங்க தெரியும்? நரி கிரி தூக்கிருச்சோ என்னமோ” என்றாள் மீனம்மா, அடுப்பை ஊதியபடி.

“சிவசாமி இந்நேரம் ஏரோப்பிளேன்ல ஏறியிருப்பான்டி! அவன் எறங்குறதுக்குள்ள அறுத்தாகணும். சாமி காரியத்துல வெளையாடாத!”

மகன் சிவசாமிக்கு அன்று பரீட்சை. கொழும்புப் பக்கம் ஒரு விமானக் கழகத்தில் எஞ்சின் துடைக்கப் போன பயல், சம்பளத்தையெல்லாம் அங்கேயே கொட்டிப் பறக்கவும் பழகிவிட்டான். அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டினால் லைசன்ஸ். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு விமான லைசன்ஸ்! தோட்டம் முழுக்க இதே பேச்சு.

பொன்னையா தேயிலை அரைக்கும் ஆலையான ஸ்டோரில் எஞ்சின் ஓட்டுபவர். அங்கே சுற்றுகிற ரோதைச் சக்கரங்களுக்கெல்லாம் காவல் தெய்வம் ரோதமுனி. விமானத்தின் மூக்கிலும் ஒன்று சுற்றுகிறது என்று மகன் சொன்ன அன்றே, அதுவும் நம்ம சாமியின் எல்லைதான் என்று முடிவுகட்டி, அவனுக்காகச் சேவல் நேர்ந்துகொண்டார். வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது. அவர் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

“ஏழு கன்னி மலையில ஏரோப்பிளேன் மோதுனப்ப மேல ஏறிப் பார்த்தவரு நீங்க” என்றாள் மீனம்மா. “எத்தன நாளு சோறு எறங்காமக் கெடந்தீங்க? நெனைச்சாலே எனக்குக் கொல நடுங்குது.”

“வாய மூடுடி! புள்ள மேல பறக்குற நேரத்துல பேசுற பேச்சா இது?”

அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து அடுப்படிக்கு வந்தார். மூலையில் கவிழ்த்து வைத்திருந்த கொழுந்துக்கூடையை நோக்கிக் குனிந்தார்.

“அதத் தொடாதீங்க! வெறகு நனையாம மூடி வச்சிருக்கேன்.”

மறுபடி வெளியே ஓடினார். கோழிக்கூடு, காய்கறிப் பாத்தி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை என்று தேடாத இடமில்லை. “ரோதமுனி, கொஞ்சம் பொறுத்துக்கப்பா” என்று புலம்பியபடியே திரும்பி வந்தபோது, எதிரே ஸ்டோரின் மேலதிகாரியான டீமேக்கர் சூசைரட்ணம் வேகவேகமாக வந்தார்.

“பொன்னையா! ஸ்டோருக்குப் போன் வந்துச்சு. ஒன் மகன் பாஸ்! பூ மாதிரி எறக்குனானாம்!”

“நெசமாவாங்கய்யா?”

“அட, ஆமாப்பா! ஆனா லைசன்ஸ் வாங்குனா மட்டும் பத்தாதாம். அதைக் காப்பாத்தணும்னா விடாமப் பறந்துக்கிட்டே இருக்கணுமாம். இனி அவன எங்க தரையில பார்க்கப் போற!” சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

வாசலில் நின்று கேட்ட மீனம்மா ஓவென்று அழுதாள். உள்ளே போய்க் கூடையை நிமிர்த்தினாள். சேவல் சிறகடித்து வெளியே வந்தது.

“நான்தாங்க ஒளிச்சு வச்சேன். நீங்க அறுத்தா ரோதமுனி அவன பாஸாக்கிருமேன்னு பயந்துட்டேன். பெயிலானா புள்ள வீட்டோட வந்துருவான்னு நெனைச்சேன். சேவல் குடுக்காமலே பாஸாயிட்டானே!”

பொன்னையா தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அடிப் பாவி! நான் அந்தச் சேவல நேர்ந்ததே அவன் பெயிலாகணும்னுதாண்டி!”