பேனரில் டோப்பா வைத்த தாய்மாமன்

மேளம் நின்றுவிட்டது.

சீர்வரிசைத் தட்டுகளோடு வந்த கூட்டம் மண்டப வாசலில் அப்படியே நிற்க, தாய்மாமன் மணிமாறன் தலையை நிமிர்த்தி பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனர் அடித்தவன் நான்தான். விக்கிரவாண்டியில் கடை. ஏணியில் நின்று கடைசிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாண பேனரில் தாய்மாமன் முகம் இல்லையென்றால் சீர் வாசலோடு திரும்பிவிடும். முகம் இருக்கிற இடம் சரியில்லை என்றாலும் அதே கதிதான்.

மணப்பெண் வெண்ணிலா புதுச்சேரியில் பிரெஞ்சு டீச்சர். ரோஜாப்பூ, புறா எதுவும் வேண்டாமென்று ஒரு படம் கொடுத்தாள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஏதோ பிரெஞ்சுக் கதைக்காக மையால் வரைந்ததாம். நாற்காலியில் ஒரு சீமாட்டி. அவள் முன்னால் மண்டியிட்ட காதலன். பின்னால் திரையை விலக்கி ஒட்டுக்கேட்கிற ஓர் ஆசாமி, தலையில் பெரிய டோப்பா.

சீமாட்டிக்கு வெண்ணிலா முகம், காதலனுக்கு மாப்பிள்ளை சேரன் முகம். மாமனை மேலே தனியாக வட்டத்தில் வைக்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். ஒட்டுக்கேட்கிறவனுக்குத்தான் மாமன் முகம் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வைத்துத் தொலைத்தேன்.

பெண்ணின் அப்பா அப்பாதுரை உள்ளேயிருந்து ஓடி வந்தார். எத்தனையோ வரன்களைத் தட்டிக்கழித்து, தானே சல்லடை போட்டுச் சலித்தெடுத்த மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமையடித்த மனிதர். மச்சான் கோபித்துக்கொண்டு போனால் தாலி ஏறாது. இப்போதே கிழித்துவிடச் சொல்கிறேன் என்று மச்சானைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

காசு போனாலும் போகட்டும், முதுகுத்தோல் மிஞ்சினால் போதும் என்றிருந்தது எனக்கு.

முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, உள்ளே போய் ஆகவேண்டியதைப் பாருங்கள் என்று மணிமாறன் அவரை அனுப்பிவிட்டார். பிறகு ஏணியடிக்கு வந்து என்னைக் குனியச் சொன்னார். அறைதான் விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன்.

காதோரம் மெல்லிய குரல் வந்தது.

“நான் எங்க தம்பி ஒட்டுக்கேட்டேன்? ரெண்டும் எங்க ஊட்லதான் பேசிக்கினு இருக்கும். யாராச்சும் வர்றாங்களான்னு நான் வாசல்ல இல்ல காவல் நின்னேன். இந்த மாப்ள ஜாதகத்தோட தரகர பொண்ணோட அப்பாகிட்ட அனுப்பி வெச்சதும் நாந்தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீ வாய மூடிக்கினு கட்டு.”