மேசை மேல் ஒரு படம்

“மேசையா இது, பொம்மைக் கடையா?”

“சார், ஒரே ஒரு படம்தான்...”

“குறுக்கே பேசாதீங்கம்மா!”

டைப்பிஸ்டின் மேசை முன் நின்று, மொத்த ஆபீசுக்கும் கேட்கட்டும் என்றே மேனேஜர் கத்தினார்.

“என் ரூமைப் பாருங்க. சேர்மன் கையால நான் விருது வாங்குற போட்டோ ஒண்ணு, அவ்வளவுதான். இது என்ன கண்றாவி? மூஞ்சியே இல்லாம முதுகும், காதுல ஒரு போனும்! பெத்தவன் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தா பிள்ளை இப்படிக் கிறுக்குமா?”

ஒருவரும் தலை நிமிரவில்லை. அதைப் பயம் என்று எடுத்துக்கொண்ட மேனேஜருக்குக் குஷி ஏறியது. மேசைத் தடுப்பில் குத்தியிருந்த குண்டூசி தெறித்து விழ, படத்தைப் பிடுங்கினார்.

“கிழிச்சுப் போடப் போறேன். யார் வீட்டுப் பிள்ளை இது?”

“உங்க பொண்ணு சார். ஸ்கூல் விட்டு வந்து, உங்க மீட்டிங் முடியற வரைக்கும் தினமும் என் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கா? அப்பாவை வரையச் சொன்னேன். மூஞ்சி எங்கடின்னு கேட்டா, ‘போன் பேசறப்ப அந்தப் பக்கம் திரும்பிக்குவாரே ஆன்ட்டி’ங்கிறா.”

மேனேஜர் கையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டைப்பிஸ்ட் குனிந்து குண்டூசியைப் பொறுக்கி நீட்டினாள்.

“இந்தாங்க சார், உங்க ரூம்லயே மாட்டிக்குங்க. விருது போட்டோவுக்குப் பக்கத்துல இடம் இருக்குமில்ல?”